பூக்காரம்மா கேட்ட பாட்டு

என் கணவருக்குப் பாட்டுச் சேர்ப்பதில் இருந்த ஆசை பாட்டுக் கேட்பதில் இருந்ததில்லை. கல்யாணமாகி நான் வந்தபோது கட்டிலுக்கு அடியில் செருப்புப் பெட்டிகள் நிறைய கேசட் வைத்திருந்தார். பிறகு சிடி வந்தது. ஒரு பெட்டிக் கேசட்டில் இருப்பது அத்தனையும் ஒரே சிடியில் அடங்கிவிடும் என்று தெரிந்த அன்றைக்கு அவர் மத்தியானம் சாப்பிடக்கூட வரவில்லை. அதற்கப்புறம் பென் டிரைவ், அதற்கப்புறம் ஹார்ட் டிஸ்க். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளைப் பூத்துவாலையில் சுற்றி, பீரோவில் என் கல்யாணப் புடவைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"எப்பங்க இதையெல்லாம் கேக்கப் போறீங்க?" என்று கேட்டால், "கேக்கணும். அதுக்கு ஒரு நேரம் வரணும்ல" என்பார்.

திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைகளுக்குப் பட்டை, கிராம்பு, ஏலக்காய் மொத்தமாகக் கொடுக்கும் கடை எங்களுடையது. காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அந்தக் கடையில் பாட்டுச் சத்தம் கேட்டு நான் பார்த்ததேயில்லை. ஆனால் யாராவது வாடிக்கையாளர், "அந்தப் பழைய படத்துல ஒரு பாட்டு வருமே பாய்" என்று ஆரம்பித்தால் போதும். "நம்மகிட்ட இருக்கு" என்பார். இருக்கிறது என்பதிலேயே அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

நான் அதற்கு நேர் எதிர். என்னிடம் ஒரு பாட்டும் கிடையாது. மாதச் சந்தா கட்டிய ஆப் ஒன்று போனில் இருக்கிறது. அதில் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது என்பதாலோ என்னவோ, எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்பதில்லை. பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள் விரல் அடுத்ததற்குத் தள்ளிவிடும். வெங்காயம் நறுக்கும் நேரத்தில் அரைகுறையாக எத்தனையோ பாட்டுகள் ஓடிப் போயிருக்கும். என்ன கேட்டாய் என்றால் சொல்லத் தெரியாது.

நான் ஒழுங்காகப் பாட்டுக் கேட்டது பஸ்ஸில்தான். எனக்குக் குஜிலியம்பாறையில் அரசு அலுவலகத்தில் வேலை. தினமும் காலையில் எரியோடு வழியாகப் போகும் தனியார் பஸ்ஸைப் பிடிப்பேன். அதன் டிரைவர் ஒரு பென் டிரைவைச் செருகி வைத்திருந்தார். வருஷக்கணக்காக அதே பாட்டுகள், அதே வரிசையில். ஊர் எல்லையைத் தாண்டும்போது ஒரு டூயட், எரியோட்டில் ஆள் ஏறும்போது ஒரு சோகப் பாட்டு, கோவிலூர் வரும்போது ஒரு குத்துப் பாட்டு. கண்ணை மூடித் தூங்கிக்கொண்டு, பாட்டு மாறியதும் எழுந்து இறங்கிப் போகிறவர்கள் இருந்தார்கள். அடுத்ததற்குத் தள்ளிவிட முடியாது. பிடிக்காத பாட்டு என்றால் முடிகிற வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பொறுத்துப் பொறுத்தே சில பாட்டுகள் எனக்குப் பிடித்துப் போயின.

ஒரு சித்திரை மாத வெயிலில் அந்தப் பென் டிரைவ் செத்துப்போனது.

"சூட்டுல வெந்து போச்சு மேடம்" என்றார் டிரைவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முன்பெல்லாம் பாட்டு ஏற்றித் தரும் செல்போன் கடைக்குப் போயிருக்கிறார். இப்போது யார் பாட்டு ஏற்றுகிறார்கள், அந்தக் கம்ப்யூட்டரையே தூக்கிப் போட்டுவிட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் டிரைவருக்கு வேறு வழியும் தெரியவில்லை.

பஸ் ஊமையாகிவிட்டது. முதல் நாள் ஏதோ குறைகிறது என்று எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தோம். மறுநாளே ஆளுக்கொரு இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டோம். எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. எனக்குப் பிடித்ததை நான் கேட்டேன், பக்கத்தில் இருப்பவர் அவருக்குப் பிடித்ததைக் கேட்டார். ஒருத்தர் ஒருத்தரோடு பேசுவது நின்றுபோனது.

அது பூக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

பூக்காரம்மா என்று நான் சொல்வது எங்கள் பஸ்ஸில் தினமும் வரும் ஒரு அம்மாவை. அறுபதை ஒட்டிய வயது. குஜிலியம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். விடியும் முன்பே திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வந்து மல்லிகையும் கனகாம்பரமும் வாங்கிக்கொண்டு, எங்கள் பஸ்ஸில் திரும்பிப் போய், ஊர் பஸ் ஸ்டாண்டில் விற்பார். டிரைவருக்குப் பக்கத்து இன்ஜின் பெட்டிமேல் ஈரத்துணி மூட்டையை வைத்துவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டே வருவார். கையில் இருந்தது பட்டன் போன். அதில் பேசத்தான் முடியும்.

ஒரு நாள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் தாயி, ஆளாளுக்குக் காதுல மாட்டிக்கிட்டுத் தனித்தனியாச் சிரிக்கிறீக. எனக்கு என்னன்னே தெரிய மாட்டேங்குது. உனக்கு இப்ப என்ன பாட்டு ஓடுது?"

இயர்போனில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். ஈரக் கையால் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஒத்தக் காதுல கேட்டா பாதிப் பாட்டுத்தான் கேக்குது" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் இதைச் சொன்னேன். பஸ்ஸுக்கு ஒரு பென் டிரைவில் பாட்டுப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டு முடிப்பதற்குள் அவர் பீரோவைத் திறந்துவிட்டார். அந்த முகத்தை நான் எங்கள் கல்யாணத்தன்று பார்த்தது.

அந்த வாரம் முழுக்கக் கடையை மூடிவிட்டு வந்ததும் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தார். கேட்டுக் கேட்டுப் பொறுக்கினார். "இது எவன்கிட்டயும் இருக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டிரைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தப் பென் டிரைவ் எரியோடு வரைகூடத் தாங்கவில்லை. எல்லாம் அபூர்வமான பாட்டுதான். படத்தில் வராமல் வெட்டுப்பட்டவை, வெறும் வீணையும் புல்லாங்குழலுமாக நீண்டுகொண்டே போகிறவை, தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் குரலே வரும் கஜல்கள். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பூக்காரம்மா கட்டிய சரத்தை மடியில் போட்டுவிட்டு, "ஏம்ப்பா, இதென்ன செத்த வீட்டுக்குத் துட்டி கேக்கப் போற வண்டியா?" என்று டிரைவரைக் கேட்டார்.

டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, பென் டிரைவைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "தப்பா நெனைக்காதீங்க மேடம். எனக்கே கண்ணு சொருகுது."

இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று நாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

"அம்புட்டும் அபூர்வமான பாட்டு" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

"அபூர்வந்தாங்க. ஆனா டிரைவரு முழிச்சிருக்கணும்ல?"

பென் டிரைவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். "சரி, வெள்ளிக்கிழமை கடை லீவுதான். நானும் வாரேன். இவுகளுக்கு என்னதான் வேணும்னு பாக்குறேன்" என்றார்.

அப்படித்தான் அவர் எங்கள் பஸ்ஸுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக முன் சீட்டில் உட்கார்ந்து குஜிலியம்பாறை வரை வந்து, அடுத்த பஸ்ஸில் திரும்பி ஜும்மாவுக்குப் பள்ளிவாசல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஒரு பயணத்தில் டிரைவரோடு அவர் பேசிய பேச்சு, என்னோடு ஒரு வருஷம் பேசியதைவிட அதிகம். எந்த இடத்தில் வண்டி மெதுவாகப் போகும், எங்கே கூட்டம் ஏறும், எந்த வளைவில் தூக்கம் தள்ளும் என்றெல்லாம் கேட்டார். பூக்காரம்மாவிடமும் கேட்டார்.

"கை ஓடணும் பாய்" என்றார் அவர். "பாட்டுக் கேட்டா கை தன்னால ஓடணும். அம்புட்டுத்தான்."

அடுத்த பென் டிரைவ் அதன்படி வந்தது. அபூர்வம் ஒன்றுகூட இல்லை. எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகள். எங்களுக்குத் தெரியும் என்பதை நாங்களே மறந்துவிட்ட பாட்டுகள். முதல் பாட்டுத் தொடங்கியதும் பின் சீட்டிலிருந்து யாரோ "ஓ" என்று கத்தினார்கள். இயர்போன்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. டிரைவர் ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டார். நான் கடையிலிருந்த என் கணவருக்குப் போன் செய்து, "கேளுங்க" என்று சொல்லிப் போனை உயர்த்திப் பிடித்தேன். கடையில் ஆள் இருந்ததாம். அவர் ஏலக்காய் நிறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் பஸ்ஸில் வர ஆரம்பித்தார். எனக்கு ஒரு துணை. டிபன் டப்பாவில் இரண்டு பேருக்கும் சேர்த்து இடியாப்பம் வைப்பேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் நர்சிங் படிக்கும் பெண்ணோடு அவருக்கு வாக்குவாதம் வந்தது. அந்தப் பெண் திண்டுக்கல்லில் விடுதியில் தங்கிப் படிப்பவள். வெள்ளிக்கிழமைகளில் குஜிலியம்பாறைப் பக்கம் பயிற்சிக்காகப் போய்க்கொண்டிருந்தாள். டிரைவர் அதற்குள் முதலாளியிடம் சொல்லிப் புளூடூத் உள்ள செட்டாக மாற்றியிருந்தார். நேற்று வந்த பாட்டு ஒன்றை அவள் தன் போனிலிருந்து போட்டாள். நன்றாகவே இருந்தது. என் கணவருக்கும் பிடித்துவிட்டது.

"இது உன் போன்ல இருக்காம்மா? எனக்கு அனுப்பேன்."

"என்கிட்ட எதுவும் இல்ல அங்கிள். பாட்ட எதுக்கு வச்சுக்கணும்? வேணுங்கறப்ப வரும்ல."

"வரலைன்னா?"

"வேற பாட்டு வரும்" என்றாள் அவள்.

எரியோடு தாண்டியதும் சிக்னல் போய்ப் போய் வரும். அவள் பாட்டுப் பாதியில் நின்று, போன் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. என் கணவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு செட்டைப் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டார். அவளும் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு ஆனது. சிக்னல் இருக்கும் தூரத்துக்கு அவள் பாட்டு, இல்லாத தூரத்துக்கு அவர் பாட்டு.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பூக்காரம்மா ஒரு நாள் கேட்டார்: "எல்லாரும் கேட்ட பாட்டெல்லாம் வருது. எனக்கு ஒரு பாட்டு வேணும். வருமா?"

"சொல்லுங்கம்மா. நம்மகிட்ட இருக்கும்" என்றார் என் கணவர்.

"பேரு தெரியாது பாய். என் கலியாணத்துல ஊருக்கே கேக்குற மாதிரி குழாய் ரேடியோவுல போட்டாக. அப்பக் கேட்டதுதான். அதுக்கப்புறம் எங்கயும் கேக்கல. ஆனா மூணு பிள்ளைகளையும் அந்தப் பாட்டைப் பாடித்தான் தூங்க வச்சேன்."

"எந்தப் படம்?"

"அது தெரிஞ்சா ஒங்ககிட்ட ஏன் கேக்குறேன்?"

நர்சிங் பெண், முணுமுணுத்தாலே பாட்டைக் கண்டுபிடிக்கும் ஆப் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிப் போனை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள். "பாடுங்கம்மா."

பூக்காரம்மா வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் பூவை மடியில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, பஸ் முழுக்கக் கேட்கப் பாட ஆரம்பித்தார். நல்ல குரல். மெதுவாக, இழுத்து இழுத்து, தொட்டில் ஆடும் வேகத்தில் பாடினார். சொற்களில் பாதி அவருடைய பிள்ளைகளின் பெயர்கள். மீதி, கண்ணை மூடு, பாலைக் குடி, அப்பன் வரும் நேரமாச்சு என்பதுபோல அவரே போட்டுக்கொண்டவை. டிரைவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

ஆப் யோசித்து யோசித்து ஒரு பாட்டைக் காட்டியது. அந்தப் பெண் அதைப் போட்டாள். வங்காளமோ ஒரியாவோ, எங்கள் யாருக்கும் புரியாத ஒரு மொழி. பூக்காரம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நான் கேட்டது இது இல்ல" என்றார். "ஆனா நல்லாத்தான் இருக்கு. ஓடட்டும்."

பஸ்ஸே சிரித்தது.

அந்தப் பாட்டைத் தேடுவது அதற்கப்புறம் எங்கள் எல்லாருக்கும் வேலையாகிப் போனது. என் கணவர் இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் துழாவினார். தாலாட்டு என்ற வார்த்தை வரும் பாட்டெல்லாம் கேட்டார். அப்போதுதான் அவர் சேர்த்துவைத்ததையெல்லாம் உண்மையிலேயே கேட்டார் என்று சொல்ல வேண்டும். சமையலறை வரை கேட்கும். ரசம் தாளித்துக்கொண்டே நானும் கேட்பேன். "இது நல்லாருக்குல்ல?" என்று அங்கிருந்து கத்துவார். "நல்லாருக்குங்க" என்று இங்கிருந்து கத்துவேன். பாதியில் நிறுத்தச் சொல்லி எனக்குத் தோன்றவேயில்லை. பூக்காரம்மாவின் பாட்டு மட்டும் கிடைக்கவில்லை. "என்கிட்ட இல்ல" என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் நினைக்காத ஆளிடமிருந்து.

அய்யலூர் ஆட்டுச் சந்தை வியாழக்கிழமை. சந்தை முடிந்து திண்டுக்கல்லில் மகள் வீட்டில் தங்கிவிட்டு, கரூர்ப் பக்கம் தன் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஆட்டு வியாபாரி அன்றைக்கு எங்கள் பஸ்ஸில் ஏறினார். தலைப்பாகை, தோளில் பச்சைத் துண்டு. நர்சிங் பெண் இன்னொரு புது ஆப்பைக் கொண்டுவந்து, பூக்காரம்மாவை மறுபடி பாட வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது சீட்டிலிருந்து அவர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மிணி, நீங்க பாடறது அந்தப் பாட்டுங்களா?"

"எந்தப் பாட்டு?" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.

"மெட்டு அதாட்டமேதான் இருக்குதுங்க. ஆனா இத்தனை மெதுவா இருக்காதுங்க. அது ஓட்டமா ஓடற பாட்டுங்க." சொல்லிவிட்டு, முன் சீட்டுக் கம்பியில் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு, தானானே தானானே என்று விறுவிறுவென்று பாடிக் காட்டினார். ஆடு துரத்துகிறவர் வேகம் அதில் இருந்தது.

பூக்காரம்மா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நர்சிங் பெண் ஓடிப்போய் அவர் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தாள். "இன்னொரு வாட்டி தாத்தா, அதே ஸ்பீடுல!"

அவர் மறுபடி பாடினார். திரையில் பாட்டு வந்து நின்றது. அப்போது நாங்கள் எரியோட்டில்தான் இருந்தோம், சிக்னல் இருந்தது. டிரைவர் வண்டியை எடுக்காமல் காத்திருந்தார்.

பாட்டு ஓடியது. டமடமவென்று மேளம், நடுவில் நாயனம், பெண்கள் கூட்டமாகச் சிரிக்கும் சத்தம். தாலாட்டே இல்லை. பெண் வீட்டு மாமன்களைப் பார்த்துப் பயந்து, பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடும் மாப்பிள்ளையைக் கிண்டல் செய்கிற பாட்டு. ஒவ்வொரு சரணத்திலும் மாப்பிள்ளை ஒரு பொருளை விட்டுவிட்டு ஓடுகிறான். முதலில் செருப்பு, பிறகு துண்டு, கடைசியில் வேட்டி.

பூக்காரம்மா முதலில் அசையாமல் கேட்டார். வேட்டி வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தார். மடியிலிருந்த மல்லிகை கீழே கொட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அடப் பாவிகளா! இதைப் பாடியா நான் பிள்ளைகளத் தூங்க வச்சேன்!"

அந்தச் சிரிப்பு பஸ் முழுக்கப் பரவியது. என் கணவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆட்டு வியாபாரி தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார். டிரைவர் திரும்பி உட்கார்ந்து, "இன்னொரு தடவ போடும்மா" என்றார். இன்னொரு தடவை ஓடியது. பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்த பிறகுதான் கிளம்பினோம்.

பூக்காரம்மாவுக்கு இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தன் பட்டன் போனை எடுத்துத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மூத்த மகனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

"ஏலே, ஒன்னத் தூங்க வைக்கப் பாடுவேன்ல ஒரு பாட்டு, அது கெடச்சிருச்சுடா! கேளு!"

நர்சிங் பெண் பாட்டைப் போட்டாள். அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடும் சத்தம். அந்த மகன் பொறுமையாக ஒரு சரணம் முழுக்கக் கேட்டான்.

"இது அது இல்லம்மா" என்றான்.

"இதுதான்டா. ஒரிஜினலு."

"இல்லம்மா. நம்ம பாட்டுல என் பேரு வரும்."

பூக்காரம்மா, சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றிருக்க, உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு போனை என்னிடமிருந்து வாங்கி வாய்க்கு அருகில் கொண்டுவந்து, யாரைப் பற்றியும் கவலைப்படாமல், தன் வேகத்தில், அவன் பெயர் வருகிற அடியைப் பாடினார். ஆட்டு வியாபாரி இந்தத் தடவை திருத்தவில்லை. கம்பியில் மெதுவாக, அந்த வேகத்துக்கே தட்டிக்கொடுத்தார்.

அன்றைக்கு என் கணவர் குஜிலியம்பாறையில் இறங்கித் திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நானும் செத்த நேரம் கூட நின்றேன். அலுவலகத்துக்குத் தாமதமாகிக்கொண்டிருந்தது.

"பதிஞ்சு வச்சிருக்கலாம்ல? அந்தம்மா பாடுனதை?" என்று கேட்டேன்.

"எப்பப் பதியிறது? நானும் பாடிக்கிட்டுல்ல இருந்தேன்" என்றார்.

அது உண்மை. இப்போதும் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை. சுருதி கொஞ்சமும் சேராது.

ஆடிக்கு ஊருக்கு வந்த மகன் பூக்காரம்மாவுக்குத் தொடுதிரைப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். நர்சிங் பெண் ஒரே பயணத்தில் அதைப் பழக்கிவிட்டாள். எழுத்து அவருக்கு வராது, ஆனால் மைக் படத்தை அமுக்கிப் பேசத் தெரியும். இப்போது காலையில் நாங்கள் டீ குடிக்கும் நேரத்தில் என் கணவரின் போனுக்கு ஒரு குரல் பதிவு வரும். பின்னால் பூ மார்க்கெட்டின் ஏலச் சத்தம், மூட்டை இறக்குகிறவர்களின் கூச்சல், அதற்கு நடுவில் பூக்காரம்மா நேற்று பஸ்ஸில் கேட்ட ஏதோ ஒரு புதுப்பாட்டை, தனக்குத் தெரிந்த வார்த்தைகளைப் போட்டுப் பாடிக்கொண்டிருப்பார். பாடி முடித்து, "என்ன பாய், சரியா இருக்கா?" என்பார்.

நாங்கள் இரண்டு பேரும் அதை ஸ்பீக்கரில் போட்டு முழுசாகக் கேட்போம். சரியாக ஒருநாளும் இருக்காது. "சூப்பரா இருக்கும்மா" என்று அவர் பதில் பேசி அனுப்பிவிட்டுக் கடை திறக்கப் போவார். நான் பஸ்ஸுக்குக் கிளம்புவேன்.